மருமகனுக்கு, கல்லாற்றிலிருந்து

அன்புள்ள மருமகனுக்கு,

நீ எழுதியதைப் படித்தேன். கூட்டாளிகள் சனிக்கிழமை இங்கே குளிக்க வருகிறார்கள். உனக்கு நீச்சல் தெரியாது. வரவில்லை என்று சொல்லவும் பயம். போன வாரம் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்றவனின் சட்டையை வேறு பிடித்திருக்கிறாய். பயத்துக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக ஜெபிக்கச் சொல்கிறாய். ஒரே ஜெபம் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பேதுருவை எடுத்துக்கொள். இயேசுவைப் பிடிக்க வந்தபோது தோட்டத்தில் வாளை உருவி வேலைக்காரன் மல்குஸின் காதை வெட்டியவன், அன்று கோழி கூவுமுன்னே, ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கு நடுங்கி, இயேசுவைத் தெரியாது என்றான். முன்பாதி வீரன், பின்பாதி கோழை என்று பிரசங்கத்தில் பிரித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாளை உருவியதும் பயம்தான், வாய் குழறியதும் பயம்தான்.

ஆற்றங்கரையில் என் கடையில் உட்கார்ந்து தினமும் இதைத்தான் பார்க்கிறேன். பொன்முடி மலைக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்னால் பைக்குகளை இங்கே நிறுத்துவார்கள். ஆற்றில் இறங்காதே என்று எழுதிய பலகையிலேயே சட்டையைக் கழற்றி மாட்டுகிற பிள்ளைகள் உண்டு. வட்டக்கயத்தில் கரையோரம் முழங்கால் தண்ணீர்தான். அடியில் பாசி பிடித்த உருட்டுப் பாறை. இரண்டடி தள்ளிக் கால் வைத்தால் ஆள் முங்கும் கயம். முதலில் குதிக்கிறவன் துணிச்சல்காரனாக இருக்கலாம். கடைசியாக இறங்குகிறவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவன் கண் தண்ணீரில் இருக்காது, கரையில் செல்போன் பிடித்து நிற்பவன்மேல் இருக்கும். ஆற்றைவிட அவனுக்குக் கூட்டாளியின் சிரிப்பு பெரிய பயம். உனக்காவது ஆற்றைக் கண்டு பயம் வருகிறது, அது புத்தி. இங்கே போன உயிர்களில், முங்கியவனைத் தூக்கப் போனவர்களும் உண்டு.

பவுல் சிறையிலிருந்து இளைஞன் தீமோத்தேயுவுக்கு எழுதியபோது, பயத்துக்கு மாற்றாகப் பலத்தைச் சொல்லி நிறுத்தவில்லை. கூடவே அன்பையும் தன்னடக்கத்தையும் வைத்தார். அன்புக்கு அங்கே என்ன வேலை? பேதுருவிடமே பதில் இருக்கிறது. உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவனைக் கண்டபோது, இனிமேல் பயப்படுவாயா என்று விசாரிக்கவில்லை. என்னை நேசிக்கிறாயா என்றே மூன்று தரம் கேட்டு, ஆடுகளை அவன் பொறுப்பில் விட்டார். பார்த்துக்கொள்ள நாலு பேர் இருக்கிறவனுக்குத் தன்னை யார் என்ன நினைப்பார்கள் என்று கணக்குப் பார்க்க நேரமிருக்காது.

நம் சபையில் புனிதர்களைக் கொண்டாடுவதில்லை, தெரியும். ஆனாலும் நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளை நம் ஊர்ப்பக்கத்து ஆள். திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகத்தில் இருந்தவர், டச்சுத் தளபதி டிலனாய் மூலம் விசுவாசத்தை அறிந்து 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அதற்காக அவரை எருமைமேல் பின்பக்கமாக உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், காயத்தில் மிளகாய் தேய்த்தார்கள் என்பார்கள். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். குண்டுக்கு முன்னால் நின்றதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அந்த எருமைச் சவாரி. ஊரே சிரிக்கும்போது பதிலுக்கு வையாமல் உட்கார்ந்திருப்பது சாவதைவிடக் கஷ்டம். விலங்கோடு கிடந்த ஏறத்தாழ மூன்று வருடமும் அவருக்கு அந்தப் பயிற்சிதான்.

உனக்கு அவ்வளவு வேண்டாம். தபசு காலத்தில் நாற்பது நாள் மீனை விடுகிறாயே, அதே பழக்கத்தை நாக்குக்கும் கைக்கும் கொடு. கேலி வந்ததும் மனசுக்குள் "ஆண்டவரே" என்று ஒரு வார்த்தை, பிறகு ஒரு மூச்சு, அதன் பிறகு பதில். சிலநாள் தோற்பாய். மறுநாள் மறுபடி செய்.

சனிக்கிழமை வா. "எனக்கு நீச்சல் தெரியாது, நான் இறங்கமாட்டேன்" என்று பைக்கில் ஏறும்போதே சொல்லிவிடு. ஆற்றங்கரையில் சொன்னால் தர்க்கமாகிவிடும். அவர்களையும் கயத்துப் பக்கம் விடாதே, ஆழமில்லாத இடத்தை நான் காட்டுகிறேன். ஐப்பசி மழைக்காலம் இது. காலையில் வெயிலடிக்கும், உச்சி திரும்பினால் பொன்முடி கறுத்துவிடும். இங்கே ஒரு துளி விழாமலே மலைவெள்ளம் இறங்கும். நீ கரையில் இருந்து மேல்பக்கம் பார்த்துக்கொள். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ கத்தி எல்லோரையும் மேலே ஏற்று. சிரித்தால் சிரிக்கட்டும், ஏறும்வரை கத்து.

அத்தை மரச்சீனி அவித்து மீன்கறி வைப்பாள். எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் போன் பண்ணு.

அன்புடன்,
மாமா