இயந்திரம் திருத்தினால் எதையும் எழுதலாமா?

டெக்சஸில் ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் படிக்கும் தமிழ் வீடுகளில், மாநில அரசின் ஸ்டார் (STAAR) தேர்வுக் காலம் வந்தால் ஒரே பேச்சுதான். "ஸ்டார் தேர்வுக் கட்டுரையை இப்ப கம்ப்யூட்டர்தானே திருத்துது டீச்சர்? நீளமா எழுதி, நாலு பெரிய வார்த்தை போட்டா மார்க் வந்துருமாமே?" வாட்ஸ்அப் குழுக்களில் 'கனமான சொற்கள்' பட்டியல் சுற்றுகிறது. பிள்ளைகள் அதை உருப்போடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

இதில் பாதி உண்மை. 2023 டிசம்பரிலிருந்து எழுத்து விடைகளை முதலில் மதிப்பிடுவது கணினிதான். ஆனால் ஏறத்தாழ கால் பங்கு விடைகள் மனிதத் திருத்துநர்களிடமும் போகின்றன. கணினிக்கே நிச்சயமில்லாதவையும் வழக்கத்துக்கு மாறானவையும் அதில் அடக்கம். கணினி மதிப்பிடக் கற்றதும், மனிதர்கள் இருமுறை திருத்திய சுமார் 3,000 விடைகளைப் பார்த்துத்தான். அந்த மனிதர்கள் கையில் இருந்த மதிப்பீட்டு அளவுகோலைப் படித்த பெற்றோர் எத்தனை பேர்? டெக்சஸ் கல்வி முகமையின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அளவுகோல் சொல்வது இதுதான். கருத்தின் வளர்ச்சிக்கும் ஒழுங்கமைப்புக்கும் 3 புள்ளி, இலக்கணம், எழுத்துப்பிழை வகையறாவுக்கு 2. இப்படி ஐந்து புள்ளி வீதம் இரண்டு மதிப்பீடுகள்; கூட்டினால் மொத்தம் 10. முதல் பகுதியில் பூஜ்யம் வாங்கினால் இரண்டாவதும் பூஜ்யம். பெரிய சொல்லுக்கென்று தனிப் புள்ளி எங்கேயும் இல்லை. நீளத்துக்கோ உச்சவரம்பே உண்டு: விடைப்பெட்டி 2,300 எழுத்துக்குறிகளை, இடைவெளியும் சேர்த்து, தாண்ட விடாது. ஆங்கிலத்தில் சுமார் 400 சொல். இதில் அலங்காரத்துக்கு எங்கே இடம்?

இந்த வதந்தி எங்கிருந்து முளைத்தது என்றும் தெரியும். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த லெஸ் பெரல்மன் 2014-இல் மாணவர்களோடு சேர்ந்து ஒரு மென்பொருள் செய்தார். அது கக்கிய அர்த்தமில்லாத கட்டுரைகளுக்குச் சில தானியங்கித் திருத்திகள் நல்ல மதிப்பெண் போட்டன. அது இயந்திரத்தைக் கண்மூடி நம்பாதீர்கள் என்று பெரியவர்களுக்கு விடுத்த எச்சரிக்கை. அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பாடத்திட்டமாக்குவது அநியாயம்.

ஒரு பயிற்சிக் கட்டுரையைக் காட்டுகிறேன். கொடுத்த வாசகத்தைப் படித்துவிட்டு எழுத வேண்டும்; மதிய உணவு நேரத்தை 20 நிமிடத்திலிருந்து 30 ஆக்க வேண்டுமா என்பது கேள்வி. ஒரு பிள்ளை 'பிளெத்தோரா', 'பாரமவுண்ட்' எல்லாம் போட்டு, உணவு முக்கியம் என்பதையே நான்கு விதமாகச் சொல்லியிருந்தது. இன்னொரு பிள்ளை எளிய ஆங்கிலத்தில், "நான்காம் பத்தியில், கடைசியாக வரிசையில் நிற்பவர்களுக்குச் சாப்பிட எட்டு நிமிடம்தான் மிஞ்சுகிறது என்கிறார் ஆசிரியர். அதனால்தான் பழம் கடிபடாமல் குப்பைக்குப் போகிறது. நேரத்தைக் கூட்டினால் பசியும் குறையும், வீணாவதும் குறையும்" என்று எழுதியது. நிலைப்பாடு, வாசகத்திலிருந்து சான்று, அந்தச் சான்று எதைக் காட்டுகிறது என்ற விளக்கம்: மூன்றும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது மூன்றாவதில்தான். மேற்கோளை ஒட்டிவிட்டு அடுத்த பத்திக்கு ஓடிவிடுகிறார்கள்.

பெற்றோரின் மற்றக் கேள்விகளுக்கு ஒரு வரி போதும். ஐந்து பத்தி கட்டாயமா? இல்லை. எழுத்துப்பிழை ஒன்றிரண்டு வந்தால் எல்லாம் போச்சா? இல்லை. வாசகத்தை அப்படியே பெயர்த்து எழுதினால் சான்றாகுமா? ஆகாது. தாத்தா ஊரில் பார்த்ததை எழுதலாமா? எழுதட்டும், ஆனால் கொடுத்த வாசகத்தின் சான்றுக்கு அது மாற்றாகாது. மதிப்பெண் தவறு என்று தோன்றினால் வழியே இல்லையா? உண்டு. மறுமதிப்பீடு கேட்கலாம். 50 டாலர் கட்டணம், மதிப்பெண் கூடினால் அது திரும்ப வந்துவிடும்.

சொற்பட்டியலுக்குச் செலவிடும் நேரத்தில் வீட்டில் வாதாடுங்கள், தமிழிலேயே. "ஃபோன் வேணும்" என்றால் "ஏன்? எதை வச்சுச் சொல்றே?" என்று கேளுங்கள். காரணம் காட்டிப் பேசும் பழக்கம் ஒரு மொழியில் வந்துவிட்டால் மற்ற மொழிக்கும் கூடவே வரும். ஞாயிறு தமிழ்ப் பள்ளிகளையும் இதே வாயால் கேட்கிறேன். ஆண்டு விழாவுக்கு மனப்பாடப் பேச்சு தயாரிப்பதில் பாதி நேரத்தை எடுத்து, ஒரு சிறுகதையைக் கொடுத்து, "இவர் நல்லவர் என்று எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். விரல் வைத்துக் காட்டட்டும். பக்கத்துப் பிள்ளை மறுக்கட்டும், அதற்கும் ஒரு வரியைக் காட்டி.