பாலைக் கடலில் சிறு படகு

மெக்சிகோ நாட்டின் வடமேற்கு மூலையில், பசிபிக் மாகடலுக்குள் நீட்டிய விரலைப் போன்று ஒரு தீபகற்பம் கிடக்கின்றது. அதன் பெயர் பாகா கலிபோர்னியா. நீளம் 1,200 கிலோமீட்டருக்கு மேல். அகலமோ சில இடங்களில் 100 கிலோமீட்டருக்கும் குறைவு. இத்தீபகற்பத்திற்கும் மெக்சிகோவின் பெருநிலத்திற்கும் இடையே உள்ள நீர்ப்பரப்பே கலிபோர்னியா வளைகுடாவாகும். 1539-ஆம் ஆண்டில் ஸ்பானியத் தலைவன் கோர்ட்டேஸ் அனுப்பிய உல்யோவா என்னும் மாலுமி இதன் வடகோடி வரை கப்பல் செலுத்தினான். அத்தலைவனின் பெயரால் இதனைக் கோர்ட்டேஸ் கடல் என்றும் வழங்குவர்.

இக்கடலின் கரை வேறெங்கும் எளிதிற் காணக் கிடைக்காத தன்மையது. பாலையும் நெய்தலும் இங்கே ஒன்றை ஒன்று தொட்டு நிற்கின்றன. அலை வந்து தழுவும் மணலுக்குச் சில அடி அப்பால், மரம் போல் உயர்ந்த கார்டோன் என்னும் பெருங்கள்ளிகள் வரிசையாய் நிற்கும். அவற்றின் மேல் கழுகு அமர்ந்திருக்கும். கீழே நீரில் கூழைக்கடா மீனைக் கண்டு பாயும். நிலத்தில் மழை அரிது. நீரிலோ உயிர் மிகுதி. பாரை இனத்தைச் சேர்ந்த மஞ்சள்வால் மீனும், களவாவும், பொன்னிறம் மின்னும் டொராடோவும், கடற்சிங்கங்களும், திமிங்கிலங்களும் இங்கே வாழ்கின்றன. 1940-ஆம் ஆண்டில் அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக், ரிக்கெட்ஸ் என்னும் உயிரியல் அறிஞரோடு ஒரு மீன்பிடிப் படகில் வந்து, இக்கரையோர உயிர்களைச் சேகரித்துச் சென்றார். இக்கடலின் தீவுகளையும் காக்கப்பட்ட பகுதிகளையும் 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் செல்வமாக ஏற்றது.

இத்தகைய கடலில் சிறு படகொன்றைச் செலுத்தி, பகலில் மீன் பிடித்து, இரவில் யாருமற்ற மணற்கரையில் கூடாரம் அடித்துத் தங்க விரும்புவோர் பலர். விருப்பம் இயல்பே. ஆயினும் அங்குள்ள தீவுகள் பெரும்பாலானவற்றில் வீடில்லை, கிணறில்லை, கூப்பிட்ட குரலுக்கு வருவாரும் இல்லை. ஆதலால் இப்பயணத்தின் பெரும்பகுதி கடலில் நிகழ்வதன்று. புறப்படுவதற்கு முன்னர்க் கரையில் அமர்ந்து எண்ணிப் பார்ப்பதில் நிகழ்வது.

முதலில் எண்ண வேண்டியது காற்று. வடக்கிலிருந்து வரும் காற்றை வாடை என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும் பெயரிட்டு வழங்குவது தமிழ் மரபு. இம்மூன்று பெயர்களையும் கொண்டே கோர்ட்டேஸ் கடலின் இயல்பை அறிந்துகொள்ளலாம்.

நவம்பர் முதல் மார்ச்சு வரை அங்கே வாடை வீசும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பாலைவனங்களின் மேல் குளிர்ந்து கனத்த காற்றுத் தேங்கி நிற்கும்போது, அது தெற்கு நோக்கி வழிகின்றது. வளைகுடாவின் இருபுறமும் மலைகள் உள்ளமையால், குழாயிற் புகுந்த நீர் போல அக்காற்று விரைந்து ஓடுகின்றது. தொடங்கினால் இரண்டு, மூன்று நாள்களேனும் ஓயாது. இதன் கொடுமை யாதெனின், வானத்தில் ஒரு முகிலும் இராது என்பதே. மேகம் திரண்டால்தான் புயல் என்று எண்ணிப் பழகியவர், ஒளி வீசும் நீலவானத்தின் கீழ்க் கடல் வெண்ணுரையாய்க் கொந்தளிப்பதைக் கண்டு திகைப்பர்.

கோடைக்காற்று இன்னும் வஞ்சகமானது. பசிபிக் பக்கத்துக் குளிர்காற்று தீபகற்பத்தின் மலைகளைத் தாண்டி, கணவாய்களின் வழியே வளைகுடாவின் மேல் இறங்கும். மலைமுகட்டில் மேகம் நீண்டு படிந்திருப்பதைக் கண்டால் அவ்வூர் மீனவர் படகை எடுக்கத் தயங்குவர். இக்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதாகையால், கரையோர நீர் குளம் போல் அமைதியாயிருக்கும். அதனை நம்பி ஒருவர் படகை விடுவார். ஐந்து கிலோமீட்டர் சென்றதும் அலை உயரும், திரும்ப முயல்வார், காற்று எதிர்முகமாய் அறையும். அவ்வேளையில் எஞ்சின் நின்றுவிட்டால், படகு கரையை விட்டு மேலும் மேலும் அகலக் கடலுக்குத் தள்ளப்படும். நங்கூரம் இறக்கலாமே எனின், அங்கே ஆழம் இடந்தராது. ஏஞ்சல் தெ லா குவார்தா தீவுக்கும் தீபகற்பத்திற்கும் இடையிலுள்ள திமிங்கிலக் கால்வாயில் ஆழம் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்டது.

கொண்டல் என்னத்தக்கது கோடை முதிர்ந்த மாதங்களில் இடிமின்னலோடு திடீரென எழும் சூறை. அதனை அந்நாட்டார் சுபாஸ்கோ என்பர். அக்காலத்திலேயே பசிபிக் பெருஞ்சூறாவளிகளும் தீபகற்பத்தைத் தாக்குவதுண்டு. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை அச்சம் மிகுதி.

இக்காற்றுகளின் வலிமையைப் பெரிய கலங்களும் உணர்ந்துள்ளன. 2011-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 3-ஆம் நாள் விடியற்காலையில், சான் பெலிப்பே துறைமுகத்திற்குத் தெற்கே, மீன்பிடி விருந்தினரை ஏற்றிச் சென்ற நூறடிக் கலம் ஒன்று திடீர்ப் புயலிற் சிக்கிக் கவிழ்ந்தது. நாற்பதுக்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர். பலர் பனிக்கட்டிப் பெட்டிகளைப் பற்றிக்கொண்டு பல மணி நேரம் மிதந்து உயிர் தப்பினர். எண்மர் கரை சேரவில்லை. நூறடிக் கலத்திற்கே இந்நிலை எனின், இருபதடிப் படகு காற்றோடு வாதிடுவதில் பொருளில்லை.

காற்றுக்கு அடுத்தது ஓதம். வளைகுடா வடக்கே குறுகிச் செல்வதால், அங்கே கடலின் ஏற்றவற்றம் மிக அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் சான் பெலிப்பேயில் நீர்மட்டம் 6 மீட்டர் வரையும் அதற்கு மேலும் மாறுபடும். காலையில் மிதந்த படகு பிற்பகலில் சேற்றில் அமர்ந்து, தண்ணீர் தொலைவிலே தெரியும். மாறாக, இரவில் நீர் ஏறிக் கூடாரத்தையே தூக்கிச் செல்லவும் கூடும். தீவுகளுக்கு இடைப்பட்ட குறுகிய வழிகளில் ஓதநீர் ஆறு போல் ஓடும். ஓட்டம் ஒரு திசையிலும் காற்று எதிர்த்திசையிலும் சென்றால், அலைகள் செங்குத்தாய் நெருங்கி எழும். சிறு படகைக் கவிழ்ப்பன அத்தகைய அலைகளே. அப்பகுதியிலுள்ள ஒரு தீவுக்கு ஸ்பானியர் இட்ட பெயர் சால்சிப்புவேதஸ் என்பது. ‘முடிந்தால் வெளியேறு’ என்பது அதன் பொருள். பாய்க்கப்பல் காலத்து மாலுமிகள் வீணாக அப்பெயரை இட்டிருக்கமாட்டார்கள்.

இனி, கணக்கு. மூவர் ஒரு படகில் ஏறி, ஏஞ்சல்கள் விரிகுடா என்னும் கடற்கரை ஊரிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு கரையில் ஐந்து நாள் தங்க எண்ணுவதாகக் கொள்ளலாம். போகவும் வரவும் 80 கிலோமீட்டர், மீன் தேடி அலைய 40, ஆக 120. கிலோமீட்டருக்கு அரை லிட்டர் பெட்ரோல் செல்லுமாயின் 60 லிட்டர் தேவை. அறுபதை மட்டும் எடுத்துச் செல்பவர் அறியாதவர். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு எதிர்பாராததற்கு என்பது கடலோடிகளின் வழக்கம். எதிர்க்காற்றில் எஞ்சின் இருமடங்கு குடிக்கும். எனவே 90 லிட்டர் வேண்டும்.

குடிநீர்க் கணக்கு இதனினும் கண்டிப்பானது. அவ்வெயிலில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். மூவருக்கு ஐந்து நாளைக்கு 60 லிட்டர். வாடை எழுந்து மூன்று நாள் கரையிலேயே நிறுத்திவிட்டால் மேலும் 36 லிட்டர். ஆக 96. இதனை ஒரே பீப்பாயில் நிரப்புதல் கூடாது. ஒன்று உடைந்தாலும் மற்றவை மிஞ்சுமாறு பல கலன்களில் பிரித்து வைத்தல் வேண்டும். நீரும் எண்ணெயும் சேர்ந்தே 160 கிலோகிராமுக்கு மேலாகும். இரண்டு ஆட்களின் எடை அது! அறுவர் ஏறத்தக்க படகு எனக் கூறப்பட்டது, மூவரும் கூடாரமும் பனிக்கட்டிப் பெட்டியும் ஏறியதும் நிறைந்துவிடுகின்றது. படகின் விளிம்பு நீர்மட்டத்திற்கு அருகில் தாழ்ந்தால், சிறு அலையும் உள்ளே புகும். அப்போது விட்டுவரத்தக்கவை நாற்காலியும் பெரிய சமையற்பாத்திரமுமே ஒழிய, தண்ணீர் அன்று.

படகிற்கு வேண்டிய மற்றவை பலரும் அறிந்தவை. ஒவ்வொருவருக்கும் அளவான மிதவைச் சட்டை. அதனைப் பெட்டிக்குள் பூட்டாமல் உடலில் அணிதல். இரண்டு நங்கூரங்கள், நீண்ட கயிறு, துடுப்புகள், நீர் இறைக்கும் வாளி, திசைகாட்டி, எஞ்சினுக்கு மாற்றுப் பொறித்திரி. எஞ்சினை இயக்குபவர் விழுந்தால் அதனை உடனே நிறுத்திவிடும் கயிற்றை அவர் கையிலோ காலிலோ மாட்டிக்கொள்ளுதல் வேண்டும். பல தீவுகளில் கைப்பேசி பயன்படாது. கடல் வானொலியும், செயற்கைக்கோள் வழியே இடத்தை அறிவிக்கும் சிறு கருவியும் இன்று கிடைக்கின்றன. வானொலியில் ஆபத்துக் கால அழைப்புக்கு உரியது 16-ஆம் அலைவரிசை.

அரசின் அனுமதிகளும் உண்டு. படகில் தூண்டில் இருந்தால், அதில் ஏறும் யாவருக்கும் மெக்சிகோ அரசின் மீன்பிடி உரிமம் வேண்டும். ஒருவர் ஒரு நாளில் பத்து மீனுக்கு மேல் பிடித்தல் ஆகாது; அவற்றுள்ளும் ஓர் இனத்தில் ஐந்துக்கு மேல் கூடாது. டோட்டோவாபா என்னும் பெருமீனைப் பிடிப்பது 1975-ஆம் ஆண்டிலேயே தடுக்கப்பட்டது. அதனைக் கள்ளத்தனமாகப் பிடிக்க விரிக்கும் வலைகளிற் சிக்கியே, உலகில் வேறெங்கும் இல்லாத வாக்கிட்டா என்னும் சிறு கடற்பன்றி அழிவின் விளிம்பிற்கு வந்துள்ளது. தீவுகளில் தங்குவதற்குத் தனி இசைவு பெறல் வேண்டும். காலநிலை கெடும் நாள்களில் துறைமுக அதிகாரி சிறுபடகுகளுக்குத் துறையை மூடிவிடுவார். அந்நாளில் புறப்படுவது சட்டத்திற்கும் அறிவுக்கும் ஒருங்கே மாறானது.

கரை சேர்ந்தபின் கூடாரத்திற்கு இடம் தேர்தல் எளிய செயல் போலத் தோன்றும். அலை ஒதுக்கிய பாசியும் சுள்ளியும் கிடக்கும் கோட்டிற்கு மேலே தங்குதல் வேண்டும். ஆனால் வறண்ட ஓடைப்படுகையின் மெத்தென்ற மணல் கண்ணுக்கு எவ்வளவு இனிதாயினும் அதில் படுத்தலாகாது. தொலைவிலுள்ள மலையில் பெய்த மழை, இங்கே ஒரு துளியும் விழாத போதே, வெள்ளமாய் இறங்கி வரும். காலையில் செருப்பை உதறிப் பார்த்து அணிய வேண்டும். தேள்களுக்கு அதன் உள்ளிடம் மிகவும் பிடித்தமானது. ஆழமற்ற நீரில் இறங்கும்போது காலை எடுத்து வைக்காமல் மணலில் இழைத்து இழைத்து நடத்தல் நலம். மணலிற் புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிவிடும். மிதிபட்டால் வாலின் முள்ளைப் பாய்ச்சும். அவ்வாறு நேர்ந்தால் தாங்கத்தக்க சூடுள்ள வெந்நீரில் காலை வைத்திருத்தல் வலியைக் குறைக்கும். பின்னர் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

அவ்வூர் மீனவர் பாங்கா என்னும் நீண்ட திறந்த படகுகளில் விடியுமுன் கிளம்புவர். அவரைக் கேட்காமல் புறப்படுவது பேதைமை. வானிலை அறிக்கை பெருநிலத்தின் காற்றைக் கூறும். அந்தக் கணவாயின் காற்றை அங்கேயே பிறந்து வளர்ந்தவரே கூறுவர்.

புறப்படும் நாளில் கடைசியாகச் செய்ய வேண்டியது ஒரு தாளில் எழுதி, ஊரில் நம்பத்தக்க ஒருவரிடம் கொடுத்தல். படகின் நிறம், ஏறுவோரின் பெயர், தங்கும் கரை, திரும்பும் நாள் ஆகியவை அதில் இருக்கும். தேடத் தொடங்க வேண்டிய நாளையும் தனியே குறிக்க வேண்டும். இவ்விரு நாள்களும் ஒன்றாயிருத்தல் கூடாது. ஐந்தாம் நாள் வராவிட்டால் ஊரார் கலங்குவர் என்னும் எண்ணமே பலரைக் கெட்ட காற்றில் படகை எடுக்கத் தூண்டுகின்றது. எட்டாம் நாள் வரை தேட வேண்டா என்று எழுதியிருந்தால், அவ்வெண்ணத்திற்கு இடமில்லை.

ஐந்தாம் நாள் வாடை எழுந்துவிட்டது எனக் கொள்ளலாம். மூவரும் படகை மணலில் மேலே இழுத்துக் கட்டுவர். கூடாரத்தின் கயிறுகளுக்குக் கற்களை ஏற்றுவர். அன்று மீன் இல்லை. அரிசியும் அவரையும் உண்டு. ஆறாம் நாளும் கடல் வெண்ணுரையே. மிகுதியாகக் கொண்டுவந்த தண்ணீரில் கை வைப்பர். ஏழாம் நாள் விடியலில் நீர் தட்டையாய்க் கிடக்கும். கூழைக்கடாக்கள் மீண்டும் பாயத் தொடங்கும். முற்பகலில், தாளைப் பெற்றுக்கொண்டவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்து தீவுப்பக்கம் ஒரு கரும்புள்ளியைக் காண்பார். அது படகாய், அணியமாய், மூன்று தலைகளாய்த் தெளியும் வரை பார்த்திருந்து, அத்தாளை மடித்து அடுப்பிலிட்டுவிட்டு, துறையை நோக்கி இறங்கிச் செல்வார்.