ஐயருக்கு எந்த நாள் ஓய்வுநாள்?

கேள்வி: என் கணவர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு சேகரத்தின் குருவானவர். அவர் பொறுப்பில் எட்டுச் சபைகள். காலையில் அடக்க ஆராதனை, மாலையில் கல்யாணம், ராத்திரியில் கமிட்டிக்காரர்களின் பஞ்சாயத்து என்று ஓடுகிறார். சரியான தூக்கம் இல்லை. பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறார். வேதத்தைத் திறப்பதே பிரசங்கக் குறிப்பு எடுக்கத்தான். "நாலு நாள் லீவு போடுங்க" என்றால், "ஊழியக்காரனுக்கு ஏது லீவு? ஆண்டவர் பெலன் தருவார்" என்கிறார். நான் கேட்பது அவிசுவாசமா?

— ஒரு ஐயரம்மா

பதில்: இல்லவே இல்லை, சகோதரி. யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தை அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். மோசே காலைமுதல் சாயங்காலம்வரை ஒற்றை ஆளாக ஜனங்களுக்கு நியாயம் தீர்க்கிறார். இப்படியே போனால் நீரும் தாங்கமாட்டீர், ஜனமும் தாங்காது என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அவருடைய மாமனார் எத்திரோ. எத்திரோ அங்கே வந்த காரியத்தை நாம் கவனிப்பதில்லை. மோசேயின் மனைவி சிப்போராளையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்! மருமகன் படும் பாடு வீட்டு மனுஷர் கண்ணில்தான் பட்டது. மோசேயும் முறுக்கிக்கொள்ளவில்லை. ஆயிரம்பேருக்கு, நூறுபேருக்கு, ஐம்பதுபேருக்கு, பத்துப்பேருக்கு என்று தலைவர்களை வைத்தார். கடினமான வழக்குகள் மட்டும் அவரிடம் வந்தன.

உங்கள் சேகரத்திலும் உபதேசியார்கள் இருப்பார்கள், ஜெபிக்கத் தெரிந்த அம்மாமார் இருப்பார்கள். ஆனால் ஐயர் வந்து ஜெபித்தால்தான் ஜெபம் என்று ஜனங்களைப் பழக்கியதில் ஐயர்மாருக்கும் பங்கு உண்டு. எல்லாரும் நம்மையே தேடுவதில் ஒரு ருசி இருக்கிறதே!

ஞாயிறு அவருக்கு வேலைநாள். ஆகவே திங்கட்கிழமையைக் கேளுங்கள். கமிட்டியில் தீர்மானமாகவே எழுதட்டும். அன்று போன் உபதேசியார் கையில் இருக்கட்டும். இந்த விஷயத்தில் கத்தோலிக்கர் தெளிவாக இருக்கிறார்கள். அவர்களுடைய 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் பங்குத்தந்தைக்கு வருடத்தில் ஒரு மாதம்வரை விடுமுறை தருகிறது; வருடாந்தரத் தியான நாட்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் ஆட்களோ ரிட்ரீட் என்று கிளம்பிப்போய் அங்கேயும் இரண்டு செய்தி கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

பிரசங்கத்துக்கு உதவாத ஒரு சங்கீதத்தை அவர் தினமும் மெதுவாக வாசிக்கட்டும். மனசைத் திறக்க ஓய்வுபெற்ற குருவானவர் ஒருவரைத் தேடிக்கொள்ளட்டும். அவர் வேறு சேகரத்துக்காரராக, மாற்றல் பட்டியலில் கை இல்லாதவராக இருப்பது நல்லது.

தூக்கமின்மையை மட்டும் ஜெபக்குறிப்போடு விட்டுவிடாதீர்கள். வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அவர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் தயங்காமல் பாருங்கள். ஊரார் கண்ணில் படுமே என்று கூச்சமாக இருந்தால், பாளையங்கோட்டைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.