எட்டு ஏன் பூஜ்யம் ஆனது?

புனே நகரில் குல்டேக்டி மார்க்கெட் யார்டு இருக்கிறது. அது பெரிய சந்தை. இதுபோன்ற சந்தைகளில் மின்னணுத் தராசுகள் உள்ளன. தராசில் எண்கள் ஒளிர்கின்றன. அந்த எண்களை நம்பித்தான் பணம் கை மாறுகிறது. எண் தவறாகத் தெரிந்தால் யாருக்கு நட்டம்?

ஏழு கோடுகள்

பல தராசுகளில் ஒவ்வோர் எண்ணும் ஏழு கோடுகளால் ஆனது. மேலே ஒன்று, நடுவே ஒன்று, அடியில் ஒன்று. வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு. ஒவ்வொரு கோடும் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு. ஏழும் எரிந்தால் 8. நடுக்கோடு மட்டும் அணைந்தால் 0.

ஒரு தராசில் நடுக்கோடு பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1.800 கிலோ வெங்காயம் 1.000 கிலோ என்று தெரியும். வியாபாரிக்கு 800 கிராம் நட்டம்.

புதிய எண் விளக்கை மாற்றுவது எப்படி?

புனேயில் புத்வார் பேட்டையில் மின்னணுப் பொருள்கள் கிடைக்கும். வாங்கும்முன் வகையைப் பார்க்க வேண்டும். வகை இரண்டு. ஒன்றில் எல்லாக் கோடுகளுக்கும் பிளஸ் பொது. மற்றதில் மைனஸ் பொது.

ஒற்றை எண் விளக்குக்குப் பொதுவாக 10 கால்கள் இருக்கும். கோடுகளுக்கு 7, புள்ளிக்கு 1, பொதுக்கால் 2.

எண் விளக்கை எரிய வைப்பது டிரைவர் என்னும் சிப். பிளஸ் பொது விளக்குக்கு 7447 டிரைவர் பொருந்தும். மைனஸ் பொது விளக்குக்கு 7448 பொருந்தும். வகை மாறினால் எண் சரியாகத் தெரியாது.

ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனி மின்தடை வேண்டும். 5 வோல்ட் மின்சாரத்துக்கு 330 ஓம் போதும். ஏழுக்கும் சேர்த்து ஒரே மின்தடை போட்டால் 1 பளிச்சென்று தெரியும், 8 மங்கிவிடும்.

இரண்டு சோதனைகள்

முதலில் 8 வரவழைத்துப் பாருங்கள். எரியாத கோடு தெரிந்துவிடும்.

அது மட்டும் போதாது. வலப்பக்க மேல்கோட்டின் கம்பியும் இடப்பக்க மேல்கோட்டின் கம்பியும் மாறிப்போயிருக்கலாம். அப்போதும் 8 சரியாகவே தெரியும். ஆனால் 3 என்பது 5 ஆகிவிடும். 1.300 கிலோ 1.500 கிலோ என்று காட்டும். இப்போது வாங்குபவருக்கு நட்டம். ஆகவே 0 முதல் 9 வரை எல்லா எண்களையும் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தராசைப் பழுது பார்க்க உரிமம் வேண்டும். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பழுது பார்த்த தராசை எடையளவுத் துறையிடம் காட்டி முத்திரை பெற வேண்டும். ஆகவே தொழில் பழகுகிறவர்கள் கடைத் தராசைத் திறக்கக் கூடாது. தனியாக ஒரு விளக்கும் டிரைவரும் வாங்கிப் பழகலாம்.

வாங்குபவரும் ஒன்று செய்யலாம். பல தராசுகள், சுவிட்சைப் போட்டதும் எல்லா எண்களையும் வரிசையாகக் காட்டும். அதைக் கவனித்துப் பாருங்கள். முத்திரையையும் பாருங்கள்.

பயிற்சி

1. மேல்கோடு எரியாவிட்டால் 7 எப்படித் தெரியும்?
2. 8 மட்டும் பார்த்தால் ஏன் போதாது?
3. உங்கள் ஊர்க் கடைத் தராசில் முத்திரை உள்ளதா? பார்த்து எழுதுங்கள்.