முதல்ல நெட்டைப் பிடுங்கு, தம்பி!

அம்பகரத்தூர்ப் பக்கம் ஜெராக்ஸ் கடை, போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி, தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கல்லூரிச் சேர்க்கைக்கு சென்டாக் விண்ணப்பம் போடும் நேரத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு பென்டிரைவோடு வந்து நிற்பார்கள். செருகினால் ஃபோல்டர்களெல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரியும். அது சின்ன வைரஸ், பயப்பட வேண்டாம். எதையும் கிளிக் செய்யாமல், ஃபோல்டர் ஆப்ஷனில் மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொன்னால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும். வேண்டிய ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு டிரைவை ஃபார்மட் செய்துவிடலாம்.

பெரிய ஆபத்து ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர். அதில் நம்ம மாதிரி சின்னக் கடைகளை அதிகம் தாக்குவது 'ஸ்டாப்' வகை. 'டிஜேவியூ' என்றும் சொல்வார்கள். போட்டோஷாப்புக்கு கிராக், விண்டோஸுக்கு ஆக்டிவேட்டர் என்று ஓசியில் இறக்குகிறோமே, அதோடு ஒட்டிக்கொண்டு வரும். விண்டோஸ் அப்டேட் ஓடுவதுபோலத் திரையில் காட்டிக்கொண்டே, பின்னால் ஒவ்வொரு ஃபைலாகப் பூட்டிக்கொண்டு போகும். முடிந்ததும் ஒரு ரீட்மீ ஃபைலைப் போட்டு வைக்கும். இவ்வளவு டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி போதும் என்று அதில் இருக்கும். ஒரு பைசா கொடுக்காதே தம்பி. கொடுத்தவருக்கெல்லாம் சாவி வந்துவிடுவதில்லை.

ஃபைல் பெயருக்குப் பின்னால் புரியாத வால் ஒன்று முளைத்திருப்பதைப் பார்த்த உடனே நெட் கேபிளைப் பிடுங்கு, வைஃபையை நிறுத்து. கூடச் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் பென்டிரைவையும் கழற்று. இன்னும் பூட்டிக்கொண்டிருந்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடு.

அடுத்து, அவசரப்பட்டு ஃபார்மட் போட்டுவிடாதே. பூட்டிய ஃபைல்களை ரீட்மீயோடு சேர்த்து ஒரு தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வை. ஸ்டாப் வைரஸ் தன் சர்வரோடு பேச முடியாதபோது எல்லோருக்கும் பொதுவான ஒரு சாவியைப் போட்டுப் பூட்டும். ரீட்மீயில் உள்ள ஐடி 't1' என்று முடிந்தால் அந்தப் பொதுச் சாவிதான். அந்தச் சாவி கிடைத்த ரகங்களைத் திறக்க எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரிலிருந்து இலவச மென்பொருள் தருகிறது. ஐடி வேறு மாதிரி முடிந்தாலும் கல்யாண வீடியோக்களை அழித்துவிட வேண்டாம். ஃபைலின் ஆரம்பத்தில் சுமார் 150 கேபியைத்தான் இது பூட்டுகிறது. பெரிய வீடியோவில் மிச்சமெல்லாம் அப்படியே இருக்கும், பழுதுபார்க்கும் மென்பொருளால் பலவற்றை மீட்டுவிடலாம். வேறு வகை ரான்சம்வேர் என்றால் யூரோபோலும் டச்சுப் போலீஸும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் தேடிப் பார்.

எடுத்து வைத்த பிறகு ஃபார்மட். சி டிரைவை மட்டும் துடைத்தால் போதாது. கிராக் ஃபைல் டி டிரைவில் உட்கார்ந்திருக்கும், அடுத்த வாரமே ஆட்டத்தைத் தொடங்கும். எல்லா பார்ட்டிஷனையும் அழித்து, வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் தயார் செய்த பென்டிரைவிலிருந்து விண்டோஸை ஏற்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-லேயே முடிந்துவிட்டது, அதையே திரும்பப் போடாதே. ஆன்டிவைரஸுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும், அப்டேட்டை மட்டும் நிறுத்தி வைக்காதே.

பலரும் விட்டுவிடுவது பாஸ்வேர்டு. ஸ்டாப் வைரஸ் பல நேரம் பாஸ்வேர்டு திருடும் கூட்டாளியையும் கூட்டி வருகிறது. மெயில், பேங்க், கடை லாகின் எல்லாவற்றையும் உன் போனிலிருந்து மாற்று. கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் அடி.

எல்லாவற்றையும்விட நான் கெஞ்சிக் கேட்பது பேக்கப். ஏன் என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். 2017 ஜூன் 27-ல் நாட்பெட்யா வைரஸ் மெர்ஸ்க் கப்பல் கம்பெனியைப் பிடித்தது. மும்பை பக்கம் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்திய டெர்மினல்கூட ஸ்தம்பித்தது. கம்பெனி நெட்வொர்க்குக்கே ஆதாரமான முக்கிய சர்வர்கள் ஊர் ஊராக அழிந்தபோது, ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் மட்டும் ஒன்று தப்பியது. அந்த நேரம் அங்கே கரண்ட் இல்லை, சர்வர் நெட்வொர்க்கிலிருந்து விலகி நின்றது. அதை வைத்துத்தான் மீண்டார்கள். 10 நாளில் 45,000 கம்ப்யூட்டர்களுக்கு எல்லாம் புதிதாக ஏற்றினார்கள்.

அவர்களுக்கு அது தற்செயலாக அமைந்தது. நீ அதை வேண்டுமென்றே செய். ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, கஸ்டமர் ஃபைல், போட்டோ, கணக்கு எல்லாவற்றையும் அதில் ஏற்று. ஏற்றியதும் கழற்றி வீட்டு பீரோவில் வை. கம்ப்யூட்டரிலேயே செருகி விட்ட பேக்கப்பையும் வைரஸ் பூட்டிவிடும். இன்றைக்குக் கடையைச் சாத்துவதற்கு முன்னாலேயே முதல் காப்பியை எடுத்துவிடு.