மாணவர் நிரலாக்கப் போட்டி நடத்தப் போகிறீர்களா? கணக்கிலிருந்து தொடங்குங்கள்

மூன்று மாணவர்கள், ஒரு கணினி, ஐந்து மணி நேரம், பத்துப் பன்னிரண்டு கணக்குகள். ஐசிபிசி எனப்படும் சர்வதேசக் கல்லூரி நிரலாக்கப் போட்டியின் அமைப்பு இவ்வளவுதான். 1970-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. முதல் இறுதிப் போட்டி 1977-இல் அட்லாண்டாவில் நடந்தது. இன்று சென்னையும் கொல்லத்துக்கு அருகிலுள்ள அமிர்தபுரியும் அதன் ஆசிய மண்டலப் போட்டிகள் நடந்த ஊர்களின் பட்டியலில் இருக்கின்றன. பல நாட்டு மாணவர்களை அழைத்து இதே பாணியில் ஒரு போட்டி நடத்த விரும்பும் கல்லூரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

போட்டி என்றதும் அரங்கு, விளம்பரதாரர், டி-ஷர்ட், தொடக்க விழா விருந்தினர் என்றுதான் பேச்சு ஓடும். கணக்குகளைக் கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். இது தலைகீழ். கடல் கடந்து வரும் மாணவர் ஐந்து மணி நேரம் முகம் கொடுக்கப் போவது அந்தக் கணக்குகளுக்குத்தான். அவை நன்றாக இருந்தால் சுமாரான சாப்பாட்டை மன்னித்துவிடுவார்கள். அவை பிசகினால் வேறு எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது.

முதலில் வடிவம்

இரண்டு பெரிய மாதிரிகள் உள்ளன. ஐசிபிசி முறையில் குழுவாகப் போட்டி. ஒரு கணக்கு முழுவதும் சரியாக இருந்தால்தான் புள்ளி. அதிகக் கணக்குகளை முடித்த குழு மேலே நிற்கும். சமநிலை வந்தால் நேரம் பேசும்: முடித்த ஒவ்வொரு கணக்குக்கும் அதை முடித்த நிமிடம், அதற்கு முன் அனுப்பிய ஒவ்வொரு தவறான விடைக்கும் 20 நிமிடத் தண்டம். 25, 70, 140-ஆவது நிமிடங்களில் மூன்று கணக்குகளை முடித்து, இடையில் இரண்டு முறை தவறிய குழுவுக்கு 235 உடன் 40 சேர்த்து 275. முடிக்காத கணக்குக்குத் தண்டம் இல்லை.

பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச தகவலியல் ஒலிம்பியாட் வேறு மாதிரி. 1989-இல் பல்கேரியாவின் பிராவெட்ஸில் தொடங்கிய அந்தப் போட்டியில் ஒவ்வொருவரும் தனியாகப் போட்டியிடுகிறார்கள். இரண்டு நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம், மூன்று கணக்குகள். மொத்தம் 600 மதிப்பெண். ஒவ்வொரு கணக்கும் எளியது முதல் கடினமானது வரை பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பாதி வழி வந்தவருக்கும் மதிப்பெண் உண்டு.

கல்லூரி மாணவர்கள், ஒரே நாளில் முடிய வேண்டும், பார்வையாளர்களும் வருவார்கள் என்றால் முதல் மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். அனுபவம் குறைந்த பள்ளிப் பிள்ளைகள் என்றால் இரண்டாவதுதான் நியாயம். இரண்டையும் கலந்து புதுவிதி செய்ய வேண்டாம். பயிற்சியாளர்கள் பழகிய விதியில்தான் மாணவர்களைத் தயார்செய்து அனுப்புவார்கள்.

கணக்குகள்: குறைந்தது ஆறு மாத வேலை

நல்ல கணக்குத் தொகுப்புக்கு நடுவர்களிடையே ஓர் எழுதாத இலக்கணம் உண்டு. ஒவ்வொரு குழுவும் குறைந்தது ஒரு கணக்கையாவது முடிக்க வேண்டும். ஒவ்வொரு கணக்கையும் ஏதோ ஒரு குழுவாவது முடிக்க வேண்டும். எல்லாக் கணக்குகளையும் எந்தக் குழுவும் சீக்கிரமாக முடித்துவிடக் கூடாது. இதில் முதல் விதியைத்தான் நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஐந்து மணி நேரம் உட்கார்ந்தும், முடித்த கணக்குக்குக் கட்டும் பலூன் ஒன்றுகூட வராமல் எழுந்து போகும் குழுவை நினைத்துக்கொண்டு தொகுப்பின் மிக எளிய கணக்கைத் தேர்ந்தெடுங்கள். நடுவர்களுக்கு அது அற்பமாகத் தோன்றினால் சரியான கணக்கு கிடைத்துவிட்டது என்று பொருள்.

பன்னிரண்டு கணக்கு வேண்டுமென்றால் குறைந்தது இருபது திரட்டுங்கள். ஆசிரியர், முன்னாள் போட்டியாளர், பிற நாட்டு நடுவர் என்று பல கைகள் சேர வேண்டும். ஒருவரே எல்லாவற்றையும் எழுதினால் எல்லாம் ஒரே சுவையில் இருக்கும். கணக்குகள் வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்பதால், குழுக்களுக்குப் பயிற்சி தருபவர் கணக்குக் குழுவில் இடம்பெறவே கூடாது.

ஒரு கணக்கு எப்படித் தயாராகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். 2,00,000 எண்கள் வரை உள்ள பட்டியல். ஒவ்வோர் எண்ணும் 10¹⁸ வரை இருக்கலாம். முன்னால் இருக்கும் எண் பின்னால் இருப்பதைவிடப் பெரிதாக உள்ள ஜோடிகள் எத்தனை என்பது கேள்வி. எல்லா ஜோடிகளையும் ஒப்பிடும் நேர்வழியில், கூட்டல் கழித்தல்களையும் சேர்த்தால் 4,000 கோடிச் செயல்கள் வரை ஆகலாம். விநாடிக்குப் பத்துக் கோடி எளிய செயல்கள் என்பது நடுவர்கள் கைவசம் வைத்திருக்கும் தோராயம். அந்தக் கணக்கில் 400 விநாடி. வரிசைப்படுத்தியபடியே எண்ணும் வழியில் ஏறக்குறைய 35 லட்சம் செயல்கள்தான். கண் இமைப்பதற்குள் முடியும்.

இனி வேலையைப் பகிருங்கள். கணக்கை எழுதியவர் தீர்வைச் சொல்லாமல், கேள்வித்தாளை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்துப் போடச் சொல்ல வேண்டும். அவர் தடுமாறும் வாக்கியத்தில்தான் மாணவர்களும் தடுமாறப் போகிறார்கள். சி++ இல் ஒன்று, ஜாவாவில் ஒன்று என வெவ்வேறு ஆட்கள் எழுதிய இரண்டு சரியான தீர்வுகள் தேவை. மெதுவான நேர்வழித் தீர்வு ஒன்றும் வேண்டும். சிறிய பட்டியல்களில் அதன் விடையும் வேகமான தீர்வின் விடையும் ஒத்துப்போகின்றனவா என்று ஆயிரக்கணக்கான தடவை இயந்திரமே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அடுத்தது பலரும் விட்டுவிடும் படி: வேண்டுமென்றே தவறான தீர்வுகளை எழுதுவது. மேற்சொன்ன கணக்கில் விடை 2,000 கோடியை நெருங்கலாம். குறியுள்ள 32 பிட் முழு எண்ணில் 2,147,483,647-க்கு மேல் கொள்ளாது. சிறிய எண்வகையில் விடையை வைக்கும் நிரலைச் சோதனைத் தரவு பிடிக்கிறதா? சமமான இரண்டு எண்களையும் ஜோடியாக எண்ணிவிடும் நிரல்? வெறும் தற்செயல் எண்களைக் கொட்டினால் 10¹⁸ வரையான பரப்பில் சம எண்கள் அநேகமாக வரவே வராது. அந்தத் தவறான நிரல் தேறிவிடும். எனவே ஒரே எண் திரும்பத் திரும்ப வரும் பட்டியல், இறங்குவரிசைப் பட்டியல், ஒரே ஓர் எண் உள்ள பட்டியல் எல்லாம் கையால் சேர்க்கப்பட வேண்டும். சோதனைத் தரவின் தரம் அது எத்தனை தவறுகளைப் பிடிக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

உள்ளீட்டுக் கோப்புகளைச் சரிபார்க்க வேலிடேட்டர் என்ற சிறு நிரல் கட்டாயம். கேள்வித்தாளில் வாக்களித்த வரம்பைத் தரவு மீறினால், ஒரு வரியில் தேவையற்ற இடைவெளி இருந்தால் அது சத்தம் போட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உள்ள கணக்குகளுக்கு, விடையைச் சோதிக்கும் செக்கர் தனியாக வேண்டும். தசம விடை என்றால் 10⁻⁶ போல எவ்வளவு பிழை ஏற்கப்படும் என்பதைக் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள். கோட்ஃபோர்ஸஸ் என்ற நிரலாக்கப் போட்டித் தளத்தை உருவாக்கிய மைக் மிர்சயானோவ் தந்த பாலிகன் தளமும் டெஸ்ட்லிப் நூலகமும் இந்த வேலைகளையெல்லாம் ஓர் ஒழுங்கில் செய்ய உதவுகின்றன.

கால வரம்பை ஊகத்தில் வைக்காதீர்கள். நடுவர்களின் சரியான தீர்வுகளில் மிக மெதுவானது 1.2 விநாடி எடுத்தால், இரண்டு மடங்குக்கு மேல் இடம் விட்டு 3 விநாடி வையுங்கள். ஏற்கக் கூடாத வழி அந்த வரம்பிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்க வேண்டும். நல்ல வழிக்கும் மோசமான வழிக்கும் இடையே மயிரிழை வித்தியாசம்தான் என்றால் அந்தக் கணக்கையே மாற்றுங்கள். பைத்தானில் எழுதினாலும் நேரம் போதும் என்று உறுதி தருகிறீர்களா இல்லையா என்பதைப் பதிவு தொடங்கும் நாளிலேயே அறிவித்துவிடுங்கள்.

பல நாட்டு மாணவர்கள் படிக்கும் கேள்வித்தாள்

ஐசிபிசி கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கும். ஒலிம்பியாடில் தேர்வுக்கு முந்தைய இரவு நாடுகளின் குழுத் தலைவர்கள் கூடி, கணக்குகளை ஏற்றுக்கொண்டு, விடிவதற்குள் தத்தம் மொழிகளில் பெயர்க்கிறார்கள்; அதுவரை மாணவர்களோடு அவர்களுக்குத் தொடர்பு கிடையாது. சிறிய போட்டியால் அவ்வளவு செய்ய முடியாது. ஆனால் ஆங்கிலத்தை எளிமையாக்க முடியும். கதை நான்கு வரிக்குள் முடியட்டும். ஓவருக்கு ஆறு பந்து என்பது நமக்குப் பாலபாடம். கிரிக்கெட் பார்த்திராத ஜப்பானிய மாணவருக்கு அது கேள்வியில் இல்லாத தகவல். தமிழ்வழியில் பள்ளி முடித்துவிட்டுச் சென்னை அரங்கில் உட்காரும் மாணவருக்கும் அந்த எளிமை பயன்படும்.

கேள்வித்தாளோடு பயண ஏற்பாடும் இருக்கிறது: விசாவுக்கான அழைப்புக் கடிதம் தாமதமானால் ஒரு குழுவே வராமல் போகும். கடவுச்சீட்டில் உள்ள பெயர் பதிவுப் படிவத்தில் அப்படியே இருக்கிறதா என்று ஒருவர் அமர்ந்து சரிபார்க்கட்டும். இணையவழிச் சுற்று வைத்தால் தொடக்க நேரத்தை உலக நேரத்தில் குறிப்பிடுங்கள். உலக நேரம் காலை 8 மணி என்பது சென்னையில் பகல் 1.30, மெக்சிகோ நகரில் நள்ளிரவு தாண்டி 2 மணி. ஆண்டுதோறும் அதே நாடுகளின் தூக்கத்தைக் கெடுக்காமல் நேரத்தை மாற்றி மாற்றி வையுங்கள்.

இயந்திரங்களும் அரங்கும்

தீர்ப்பு மென்பொருளைப் புதிதாக எழுத வேண்டாம். நெதர்லாந்தில் பிறந்த டோம்ஜட்ஜ் இலவசம். ஒலிம்பியாட் பாணிக்கு, இத்தாலியில் நடந்த 2012 போட்டிக்காக உருவான சிஎம்எஸ் இருக்கிறது. விடைகளை ஓட்டிப் பார்க்கும் கணினிகள் எல்லாம் ஒரே ரகமாக இருக்க வேண்டும். செயலியின் வேகத்தைத் தானாகக் கூட்டும் டர்போ வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே நிரல் ஒருமுறை தேறும், மறுமுறை நேரம் தாண்டியது என்று வரும்.

எத்தனை கணினி வேண்டும்? கடைசிப் பத்து நிமிடத்தை வைத்துக் கணக்கிடுங்கள். நூறு குழுக்கள் குழுவுக்கு மூன்று விடை அனுப்பினால் 300. ஒவ்வொன்றும் 60 சோதனைகள், சோதனைக்கு ஒரு விநாடி என்றால் 18,000 விநாடி வேலை. அதை 600 விநாடிக்குள் முடிக்க 30 செயலி மையங்கள் தேவை. முதல் தவறிலேயே நிறுத்திவிடும் அமைப்பில் இது குறையும். ஆனாலும் மேல்வரம்புக்கே ஏற்பாடு செய்யுங்கள்.

அரங்கில் வைஃபை வேண்டாம், கம்பி இணைப்பு போதும். தீர்ப்பு சர்வரைத் தவிர வேறு எந்த முகவரியும் திறக்கக் கூடாது. எடிட்டர்களில் செயற்கை நுண்ணறிவு உதவிச் செருகுநிரல்கள் ஒளிந்திருக்கும். எல்லாக் கணினிகளிலும் ஒரே இயங்குதளப் பிரதியை நிறுவினால் அந்தக் கவலை இல்லை. கைபேசியும் ஸ்மார்ட் கடிகாரமும் வாசலோடு சரி. உலக இறுதிப் போட்டியில் ஒரு குழு 25 பக்க அச்சிட்ட குறிப்பை எடுத்து வரலாம். அதே விதியை வைத்துக்கொள்ளுங்கள். யுபிஎஸ், ஜெனரேட்டர் இரண்டும் தயாராக இருக்கட்டும்.

ஒத்திகை

முந்தைய நாள் பயிற்சிச் சுற்று மாணவர்களுக்கு மட்டும் அல்ல, உங்களுக்கும்தான். முடிவே இல்லாமல் ஓடும் நிரல், நினைவகத்தை விழுங்கும் நிரல், கோப்பு நிறைய எழுதித் தள்ளும் நிரல், இணையத்தைத் தொட முயலும் நிரல் எல்லாவற்றையும் நீங்களே அனுப்பிப் பாருங்கள். ஒரு நெட்வொர்க் கம்பியைப் பிடுங்குங்கள். ஒரு குழுவின் கணினி செத்துவிட்டதாக வைத்துக்கொண்டு, மாற்றுக் கணினியில் அவர்களுடைய கோப்புகளோடு உட்கார வைக்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். தரவுத்தளத்தின் காப்புப் பிரதியிலிருந்து போட்டியை மீட்டெடுத்துப் பாருங்கள்.

அந்த ஐந்து மணி நேரம்

முதல் அரைமணி நேரத்தில் ஸ்கோர்போர்டை விட்டுக் கண் எடுக்காதீர்கள். எளிய கணக்கை யாரும் முடிக்கவில்லை என்றால் குறை பெரும்பாலும் உங்கள் பக்கம்தான்: தரவிலோ, கேள்வியின் வாசகத்திலோ. தவறு உறுதியானால் உடனே திருத்தி, வந்த எல்லா விடைகளையும் மறுபடி ஓட்டி, எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நேரத்தில் அறிவியுங்கள். மறைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. சர்வர் பதினைந்து நிமிடம் நின்றால் போட்டியைப் பதினைந்து நிமிடம் நீட்டுங்கள்.

விளக்கம் கேட்டு வரும் கேள்விகளுக்கு இரண்டு நடுவர்கள் பார்த்த பிறகே பதில் போக வேண்டும். கேள்வித்தாளில் இருக்கிறது என்றால் அங்கே படியுங்கள் என்று சொல்லிவிடலாம். புதிய தகவல் என்றால் அது எல்லோருக்கும் போக வேண்டும்.

கணக்குக்கு ஒரு நிறமாகப் பலூன் கட்டும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். பார்க்க வந்த பெற்றோருக்கும் என்ன நடக்கிறது என்று அதனால் புரியும். கடைசி ஒரு மணி நேரம் ஸ்கோர்போர்டைப் புதுப்பிக்காமல் உறைய வையுங்கள். பரிசளிப்பு மேடையில் ஐசிபிசியின் ரிசால்வர் மென்பொருளைக் கொண்டு கடைசி இடத்திலிருந்து மேலே ஒவ்வொரு குழுவாகத் திறந்து வந்தால், கீழ்வரிசைக் குழுக்களின் பெயரும் அரங்கில் ஒலிக்கும்.

அடுத்த ஆண்டு இதைவிட நன்றாக

அன்று மாலையே கணக்குகள், சோதனைத் தரவு, நடுவர்களின் தீர்வுகள் மூன்றையும் வெளியிடுங்கள். எந்தக் குழுவும் தன் விடை ஏன் தவறியது என்று தெரியாமல் ஊர் திரும்பக் கூடாது.

பிறகு கணக்குவாரியாக ஓர் அட்டவணை போடுங்கள்: எத்தனை குழுக்கள் முயன்றன, எத்தனை முடித்தன, முதல் சரியான விடை எந்த நிமிடம். அறுபது குழுக்கள் முயன்று இரண்டே முடித்திருந்தால் அது எளிமையாகத் தெரிந்த பொறி. இல்லையென்றால் கேள்வியின் வாசகம் குழப்பம். யாருமே தொடாத கணக்கு நீளமானதாக இருந்திருக்கும். பாதிக் குழுக்கள் அதே இரண்டு கணக்குகளோடு நின்றுவிட்டால் தொகுப்பின் நடுவில் பள்ளம். அடுத்த முறை மிதமான கணக்குகள் இரண்டு கூடுதலாக வேண்டும். ஒன்றுமே முடிக்காத குழுக்களின் எண்ணிக்கையைத் தனியாக எழுதி வைத்து, ஆண்டுக்காண்டு அதைக் குறையுங்கள்.

பரிசையும் மறுபடி யோசியுங்கள். ஐசிபிசி உலக இறுதியில் முதல் பன்னிரண்டு குழுக்கள் பதக்கம் பெறுகின்றன. ஒலிம்பியாடில் பங்கேற்போரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பதக்கம் உண்டு. தங்கம், வெள்ளி, வெண்கலம் 1:2:3 என்ற விகிதத்தில். மாணவிகள் குறைவாகப் பதிவுசெய்தால் அது ஏன் என்று கேட்டு அறியுங்கள். ஐரோப்பாவில் அந்தக் கவலையிலிருந்துதான் 2021-இல் பெண்களுக்கான தனி தகவலியல் ஒலிம்பியாட் சுவிட்சர்லாந்தில் தொடங்கியது.

ஐசிபிசி விதிப்படி ஒருவர் இரண்டு முறைதான் உலக இறுதியில் ஆடலாம். அப்படி வயதும் வாய்ப்பும் முடிந்து வெளியேறும் மாணவர்களைப் போட்டி முடிந்த வாரத்திலேயே கூப்பிட்டுப் பேசுங்கள். அடுத்த தொகுப்புக்கு ஆளுக்கொரு கணக்கு எழுதித் தரச் சொல்லி, மாதிரிக்கு இந்த ஆண்டின் மிக எளிய கணக்கையும் அதற்கான முழுச் சோதனைத் தரவையும் அவர்கள் கையில் கொடுங்கள்.