யோசெமிட்டியில் இரண்டு இரவுகள்: கூடாரத்தில் சாமான்களை ஒழுங்காக வைக்க ஒரு வழிகாட்டி

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு யோசெமிட்டி தேசியப் பூங்கா ஏறக்குறைய நான்கு மணி நேரக் கார்ப் பயணம். வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினால், பள்ளத்தாக்கில் பைன், சீடர், ஓக் மரங்களுக்கு நடுவே இரண்டு இரவு கூடாரத்தில் தங்கி, ஞாயிறு மாலை வீடு திரும்பிவிடலாம். இடம் கிடைப்பதுதான் சிரமம் என்று எல்லோரும் சொல்வார்கள். இடம் கிடைத்த பிறகு, அந்த இரண்டு நாளும் நிம்மதியாகக் கழியுமா என்பதை உங்கள் சாமான்கள்தான் தீர்மானிக்கும். இருட்டில் டார்ச்சைத் தேடுவது, நனைந்த போர்வை, அணில் கடித்த ரொட்டிப் பொட்டலம் எல்லாமே ஒழுங்கின்மையால் வரும் தொல்லைகள். யோசெமிட்டியில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு: கரடி.

கரடியை மனதில் வைத்துத் தொடங்குங்கள்

இந்தப் பூங்காவில் 300 முதல் 500 கருங்கரடிகள் வாழ்கின்றன என்பது பூங்கா நிர்வாகத்தின் மதிப்பீடு. அவற்றின் மோப்ப சக்தி அபாரமானது. 1998-இல் மட்டும் இங்கே கரடிகள் கார்களை உடைத்ததும் முகாம்களில் புகுந்ததுமாக 1,500-க்கும் மேற்பட்ட சம்பவங்கள் பதிவாயின. அதன் பிறகு முகாம்கள்தோறும் இரும்பு உணவு லாக்கர்கள், கடுமையான விதிகள், இரவு ரோந்து என்று நிர்வாகம் முனைந்து செயல்பட்டதில் சம்பவங்கள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிட்டன.

மனித உணவை ஒருமுறை ருசித்த கரடி திரும்பத் திரும்ப முகாமுக்கு வரும். அச்சம் விட்டுப்போய், மனிதர்களுக்கு ஆபத்தாகும் நிலைக்கு வந்துவிட்டால், கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய கட்டாயம் பூங்கா ஊழியர்களுக்கு ஏற்படுகிறது. நீங்கள் மேசையில் மறந்து வைத்த சிப்ஸ் பாக்கெட்டின் விலை ஒரு கரடியின் உயிராக இருக்கலாம். உணவை முறையாக வைக்காதவர்களுக்கு 5,000 டாலர் வரை அபராதம் உண்டு. ஆனால் அபராதத்துக்குப் பயந்து இதைச் செய்ய வேண்டாம். அந்தக் கரடிக்காகச் செய்யுங்கள்.

வீட்டிலேயே இரண்டாகப் பிரியுங்கள்

பெட்டி கட்டும்போது பலர் "இது சமையல், இது துணிமணி, இது குழந்தைக்கு" என்று பிரிப்பார்கள். காட்டுக்குப் போகும்போது முதல் பிரிவு வேறு: வாசனை உள்ளவை, வாசனை இல்லாதவை. வாசனை உள்ள அத்தனையும் லாக்கருக்குப் போக வேண்டும். மற்றவை காரிலோ கூடாரத்திலோ இருக்கலாம்.

வாசனை உள்ளவை என்றதும் சாப்பாடு மட்டும் நினைவுக்கு வரும். பட்டியல் அதைவிட நீளம். பற்பசை, சோப்பு, ஷாம்பு, சன்ஸ்கிரீன், உதட்டுக் களிம்பு, குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள், கொசு விரட்டும் களிம்பு, திறக்காத டின் உணவு, காலியான கூலர், கழுவாத பாத்திரம், குப்பைப் பை எல்லாம் இதில் சேரும். நம் வீட்டுச் சாமான்களில் இன்னும் சிலவற்றைத் தனியாக நினைவில் கொள்ள வேண்டும்: பாட்டியின் தலைவலித் தைலம், தேங்காய் எண்ணெய், ஊதுபத்தி, கற்பூரம், மருந்துப் பையில் இருக்கும் களிம்புகள். இவற்றுக்கென்று ஒரு சிறிய ஜிப் பை ஒதுக்கி, அதன் மேல் "லாக்கர்" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். குளித்து முடித்தவர், பல் தேய்த்தவர் யாராக இருந்தாலும் அந்தப் பையை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்க வேண்டும்.

இனி டப்பாக்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்கள் அட்டைப்பெட்டிகளைவிட நல்லவை. ஈரம் ஏறாது, அடுக்கலாம், திறந்து மூடச் சுலபம். ஒரு குடும்பத்துக்கு இப்படிப் பிரித்தால் போதும்:

1. உணவு டப்பா: அரிசி, ரவை, பொடிகள், ரொட்டி, நொறுக்குத் தீனி. இது லாக்கருக்கு.
2. அடுக்களை டப்பா: பாத்திரம், கரண்டி, கத்தி, லைட்டர், பாத்திரம் கழுவும் சோப்பு, துடைக்கும் துணி. இதுவும் லாக்கருக்கு.
3. விளக்கு டப்பா: தலையில் மாட்டும் ஹெட்லாம்ப், டார்ச், பேட்டரி, கயிறு, கூடார முளை, சிறு சுத்தியல், டக்ட் டேப். இது கூடாரத்துக்கு வெளியே மேசைக்கு அடியில்.
4. தூக்கப் பை: ஸ்லீப்பிங் பேக், தலையணை, தரையில் விரிக்கும் பாய். இது கூடாரத்துக்குள்.
5. ஆளுக்கு ஒரு துணிப்பை. ஒருவருடைய துணி இன்னொருவர் பையில் போகக் கூடாது என்பதை விதியாகவே வையுங்கள்.

ஒவ்வொரு டப்பாவின் பக்கவாட்டிலும் பெயர் எழுதுங்கள். மூடியில் எழுதினால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதும் மறைந்துவிடும்.

லாக்கரை அளந்துகொண்டு வாருங்கள்

பள்ளத்தாக்கு முகாம்களில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு லாக்கர் உண்டு. அளவுகள் முகாமுக்கு முகாம் சற்று மாறும். 33 அங்குல ஆழம், 45 அங்குல அகலம், 18 அங்குல உயரம் என்ற அளவை மனதில் வைத்துத் திட்டமிட்டால் பெரும்பாலும் ஏமாற்றம் இராது. இதில் உயரம்தான் பலரைக் கவிழ்க்கிறது. சக்கரம் வைத்த பெரிய கூலர்கள் பல 18 அங்குலத்துக்கு மேல் நிற்கும். கூலர் உள்ளே போகவில்லை என்றால் ஐஸையும் பாலையும் வைக்க வேறு வழியில்லை. ஆகவே வாங்குவதற்கு முன்பே டேப் வைத்து அளந்து பாருங்கள்.

26 அங்குல நீளமுள்ள கூலர் ஒன்றும் அதன் பக்கத்தில் 16 அங்குல அகலமுள்ள டப்பா ஒன்றும் 45 அங்குலத்தில் அடங்கிவிடும். அவற்றின் பின்னால், ஆழத்தில் மிஞ்சும் இடத்தில் அடிக்கடி எடுக்காதவற்றைத் தள்ளுங்கள்: நாளைய சமையலுக்கான மாவு, திரும்பும் நாளுக்கான டின்கள். முன்வரிசையில் வாசனைப் பை, காபித் தூள், குழந்தைகளின் தீனி. இரண்டு குடும்பங்கள் ஒரே இடத்தைப் பகிர்ந்தாலும் லாக்கர் ஒன்றுதான். ஆறு பேரின் சாப்பாடும் அதற்குள் போக வேண்டும். "நீங்கள் சாம்பார், நாங்கள் சப்பாத்தி" என்று முன்பே பேசி வைத்துக்கொண்டால் இரண்டு எண்ணெய்ப் புட்டியும் மூன்று சர்க்கரை டப்பாவும் சேராது.

லாக்கர் கதவு எப்போதும் தாழிட்டிருக்க வேண்டும். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும்கூட. ஆட்கள் இருக்கும்போதே கரடி வந்து எடுத்துப்போன நிகழ்வுகள் இங்கே உண்டு. தாழ் சரியாக விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

காரில் என்ன வைக்கலாம்?

பகல் வெளிச்சத்தில், கண்ணாடிகளை முழுவதும் ஏற்றி, வெளியே தெரியாதபடி காருக்குள் உணவை வைக்க அனுமதி உண்டு. இருட்டிய பிறகு காரில் உணவு இருக்கவே கூடாது. கார்க் கதவை வளைத்துத் திறப்பது கரடிக்குப் பெரிய வேலையில்லை. கிளம்புவதற்கு முன்பே காரை வாக்குவம் செய்துவிடுங்கள். இருக்கை இடுக்கில் விழுந்த முறுக்குத் துண்டு, கதவுப் பையில் கிடக்கும் சூயிங்கம், குழந்தை இருக்கையில் ஒட்டிய பிஸ்கட் தூள் மூன்றும் போதும். குழந்தை இருக்கையை இரவில் கழற்றி நன்றாகத் துடைத்து வைப்பது நல்லது.

வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டிய வரிசை

முகாமில் நுழையும் நேரமும் காலி செய்யும் நேரமும் நண்பகல் 12 மணி. காரை நிறுத்தியதும் கூடாரத்தை விரிக்கத்தான் கை துடிக்கும். முதலில் லாக்கரைத் திறந்து பாருங்கள். முன்பு தங்கியவர் விட்டுப்போன எதுவும் இருந்தால் துடைத்துவிட்டு, உணவையும் வாசனைப் பையையும் உள்ளே வைத்துத் தாழிடுங்கள். அதன் பிறகு கூடாரம்.

கூடாரத்துக்குக் கீழே விரிக்கும் தார்ப்பாயின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீர் அதில் தேங்கிக் கூடாரத்துக்கு அடியில் போகும். ஓரங்களை உள்பக்கம் மடித்துவிடுங்கள். வாசலில் ஒரு பழைய பாய் போட்டு, செருப்புகளை அங்கேயே கழற்றச் சொல்லுங்கள். உள்ளே மண் வருவது அதோடு நிற்கும். கூடாரத்துக்குள் சாப்பாடு, மிட்டாய், ஜூஸ் எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீர் மட்டும் போதும். இதை முதல் நாளே குழந்தைகளுக்குக் காரணத்தோடு சொல்லிவிட்டால் அவர்களே பெரியவர்களுக்கு நினைவூட்டுவார்கள்.

இரவில் ஹெட்லாம்பையும் மூக்குக் கண்ணாடியையும் எங்கே வைப்பது? கூடாரச் சுவரில் தைத்திருக்கும் சிறு பைகளில். படுத்தபடியே கை நீட்டினால் எட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு ஹெட்லாம்ப் இருந்தால் இரவில் கழிவறை போவதற்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

துணிகளை வெப்பநிலை பார்த்து எடுங்கள். ஜூலையில் பள்ளத்தாக்கில் பகல் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும். இரவில் 57 அளவுக்கு இறங்கும். அக்டோபர் இரவுகளில் 40-க்கும் கீழே போகலாம். ஆகவே ஒவ்வொருவர் பையிலும் கம்பளித் தொப்பி, முழுக்கை ஸ்வெட்டர், தூங்குவதற்கென்றே ஒரு ஜோடி காலுறை மேலாகவே இருக்கட்டும்.

சமையலிடம்

நம் சாப்பாட்டை முன்கூட்டியே தயார் செய்தால் பாத்திரம் பாதியாகக் குறையும். முதல் இரவுக்குப் புளியோதரையும் வறுவலும் வீட்டிலிருந்தே வரட்டும். மறுநாள் காலைக்கு வறுத்த ரவையில் தாளிப்பைச் சேர்த்து எடுத்துப்போனால், கொதிக்கும் நீர் ஊற்றியதும் உப்புமா. இட்லி மாவு கொண்டுபோக ஆசைப்படுபவர்கள் பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். பயணச் சூட்டில் புளித்துப் பொங்கிக் கூலர் முழுவதும் வழிந்துவிடும். பொடிகளை அஞ்சறைப் பெட்டியில் கொண்டுவருவதைவிட, திருகு மூடி போட்ட சிறு புட்டிகளில் கொண்டுவாருங்கள், சாய்ந்தாலும் கொட்டாது.

கூலரில் தூள் ஐஸைவிடக் கட்டி ஐஸ் நீண்ட நேரம் நிற்கும். தண்ணீர்ப் புட்டிகளை உறையவைத்து அடுக்கினால் ஐஸும் ஆயிற்று, உருகியதும் குடிநீரும் ஆயிற்று. கடைசி நாள் உணவு அடியில், முதல் நாள் உணவு மேலே.

அடுப்பை மேசையிலோ தரையிலோ வெட்டவெளியில்தான் வைக்க வேண்டும். மழை வந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் உயிரைப் பறிக்கும். சாப்பிட்ட உடனே பாத்திரம் கழுவுங்கள். கழுவிய நீரை மரத்தடியில் ஊற்றாமல், கழிவுநீருக்கென ஒதுக்கிய இடத்தில் ஊற்றுங்கள். மிச்சம் மீதியைக் கரடி திறக்க முடியாத குப்பைத்தொட்டியில் அன்றன்றே போட்டுவிடுங்கள்.

அணில்களையும் அசட்டை செய்ய வேண்டாம். நிலத்தில் ஓடும் பெரிய அணில்கள் பையைக் கடித்தே திறக்கும். எலிகள் இன்னும் ஆபத்து. 2012 கோடையில் இப்பூங்காவில் தங்கியவர்களில் பத்துப் பேரை எலி பரப்பும் ஹான்டா வைரஸ் தாக்கி, மூவர் இறந்தனர். சிந்திய பருக்கைகளைப் பெருக்கி எடுப்பது உங்கள் உடல்நலத்துக்கும் காவல்.

இருட்டுவதற்கு முன் ஒரு சுற்று

சூரியன் மறைவதற்கு அரைமணி முன்பு ஒருவர் முகாமைச் சுற்றி வரட்டும். மேசை காலியா? அடுப்பு துடைத்தாயிற்றா? குழந்தைகளின் சட்டைப் பையில் மிட்டாய் இருக்கிறதா? காரில் எதுவும் மிஞ்சியதா? லாக்கரைத் தாழிட்டாயிற்றா? இந்த வேலையை மூத்த பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், பெருமையோடு செய்வார்.

கோடையில் பள்ளத்தாக்கில் நெருப்பு மூட்ட மாலை 5 முதல் இரவு 10 வரைதான் அனுமதி. இங்கே விறகோ பைன் காய்களோ பொறுக்கக் கூடாது. வீட்டிலிருந்தும் விறகு கொண்டுவராதீர்கள். அதோடு வரும் பூச்சிகள் மரங்களை அழிக்கும். பூங்கா அருகே விற்பதை வாங்குங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். கார்க் கதவைப் படீரென்று சாத்துவது அக்கம்பக்கத்துக் கூடாரங்களை எழுப்பிவிடும் என்பதால், இரவில் தேவைப்படுபவற்றை அதற்கு முன்பே எடுத்து வையுங்கள்.

கிளம்புவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

- அப்பர் பைன்ஸ் முகாமின் இடங்களை அரசின் முன்பதிவுத் தளத்தில், ஐந்து மாதங்களுக்கு முன்பாக, 15-ஆம் தேதி காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள். சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கணக்கைத் திறந்து தயாராக இருங்கள்.
- ஓர் இடத்தில் குழந்தைகள் உட்பட 6 பேர், 2 வாகனங்கள்.
- பள்ளத்தாக்கில் பெட்ரோல் பங்க் கிடையாது. க்ரேன் ஃப்ளாட், எல் போர்ட்டல், வாவோனா ஆகிய இடங்களில் உண்டு.
- முகாமில் குடிநீரும் கழிவறையும் உண்டு. குளிக்கும் வசதி இல்லை. கர்ரி வில்லேஜில் கட்டணக் குளியலறைகள் உள்ளன.
- கரடி விரட்டும் ஸ்பிரேயும் ட்ரோனும் பூங்காவில் தடை. வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.
- கைப்பேசிச் சிக்னல் நம்பத்தக்கதல்ல. முன்பதிவுச் சீட்டையும் வரைபடத்தையும் முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

திரும்பும் நாளில் கூடாரத்தை முதலிலும் லாக்கரைக் கடைசியிலும் காலி செய்யுங்கள். லாக்கரின் உள்ளே ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, தாழிட்டுக் கிளம்புங்கள். அடுத்து வருபவருக்கும் அந்தக் காட்டின் கரடிகளுக்கும் நாம் செய்யக்கூடிய மரியாதை அது. தயவுசெய்து இதை மட்டும் தவறவிடாதீர்கள்.